வடகாட்டில் கரடுவழி தேடுவோர்

பேரப்பிள்ளைகள் கனடாவில் வாழ, தாம் ஊரிலிருந்து படங்களைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளும் தாய்மார் எம் வாசகருள் பலர். அவர்களுள் ஒருவர் எமக்கு எழுதியிருக்கிறார். சேறு அப்பிய ஆடையும் தலைக்கவசமுமாக, தடித்த நான்கு சில்லுகள் பூட்டிய வண்டியொன்றின்மேல் ஏறியிருக்கும் பதினான்கு வயதுப் பேரனின் படம் கைத்தொலைபேசியில் வந்ததாம். பின்னால் கருங்காடு. இது என்ன வண்டி, இக்காட்டுக்குள் இவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள், நான் பயப்படலாமா வேண்டாமா என்பன அவ்வம்மையாரின் வினாக்கள். மூன்றாவது வினாவுக்கு நேர்மையாக விடை சொல்வதானால் முதலிரண்டையும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் இவ்வாரம் இப்பகுதியை அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

எந்நிலத்திலும் ஓடும் வாகனம் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அவ்வண்டியை ஏ.ரி.வி. என்பர். நாம் நாற்சில்லு வண்டி என்று சொல்லிக்கொள்வோம். மோட்டார் சைக்கிளைப் போல இருபுறமும் காலைப் போட்டு அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பிச் செலுத்த வேண்டும். வலக்கைப் பெருவிரலால் ஒரு சிறு நெம்பை அழுத்தினால் வேகம் கூடும். கனடாவில் 1960களின் தொடக்கத்திலேயே ஜிகர் என்னும் ஆறுசில்லு வண்டி தோன்றி, நீரிலும் நிலத்திலும் ஓடிற்று. 1970இல் ஹொண்டா கம்பனி மூன்று சில்லு வண்டியொன்றை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. பார்வைக்கு அது விளையாட்டுச் சாமான். திருப்பத்தில் கவிழ்வதிலோ மகா சமர்த்து. எத்தனையோ சிறுவர் அதன்கீழ் அகப்பட்டு மாண்டபின், 1988ஆம் ஆண்டில் அமெரிக்க அரசுக்கும் உற்பத்தியாளருக்கும் ஏற்பட்ட உடன்பாட்டினால் புதிய மூன்றுசில்லு வண்டிகளின் விற்பனை அங்கே நின்றது. அதற்குள் நாற்சில்லு வண்டி சந்தைக்கு வந்துவிட்டது. இன்று காட்டில் நாம் காண்பது அதன் வழித்தோன்றலே. பக்கத்தில் ஒருவரை இருத்தி, மோட்டார் காரைப்போல் வளையம் பிடித்து ஓட்டும் வகையும் உண்டு. அதற்கு ஆசனப்பட்டியும் இரும்புக் கூடும் இருக்கும். அம்மையாரின் பேரன் ஏறியிருந்தது கூடில்லாத வகை.

பெளதிகம் படிக்கும் மாணவர் இங்கே சற்று நின்று பார்க்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. மோட்டார் கார் ரயரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 இறாத்தல் அழுத்தத்திற் காற்றடைக்கிறோம். இவ்வண்டியின் அகன்ற ரயருக்கோ 5 முதல் 7 இறாத்தல் வரை போதும். மெல்லிய ரயர் நிலத்தின்மேல் செலுத்தும் அழுத்தம், அதனுள் அடைபட்ட காற்றின் அழுத்தத்தை ஏறத்தாழ ஒத்திருக்கும். எனவே 300 கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ள இவ்வியந்திரம், ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு மனிதன் நிலத்தை எவ்வளவு அழுத்துவானோ அவ்வளவே அழுத்துகிறது. சேற்றில் அது புதையாது செல்வதன் இரகசியம் இதுவே. ஆயினும், சில்லு நின்ற இடத்திலே சுழலத் தொடங்கிவிட்டாற் கணக்கு மாறிவிடும். ரயரின் தடித்த பற்கள் மண்ணை வெட்டி எறிந்து, மழைக்காலத்தில் நீரோடும் வாய்க்காலாகத் தடத்தை ஆக்கிவிடும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் வேண்டிவரும்.

இனி, காடு. எம்மவர் மிகுதியாக வாழும் ரொறன்ரோ நகரிலிருந்து வடமேற்கே தெருவழியாக 500 கிலோமீற்றருக்கு மேற் சென்றால், சட்பரி நகருக்கும் சூ சென்ற் மரி நகருக்கும் இடையில், பெருந்தெருவிலிருந்து வடக்கே விலகி எலியற் லேக் என்னும் ஊர் இருக்கிறது. வடகாட்டின் இயல்பை விளக்க இவ்வூர் ஒன்றே போதும். இதனடியிலுள்ள பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை பனிக்கட்டியாறுகள் இந்நாட்டை மூடிக்கிடந்து, மேல்மண்ணை வழித்துச் சென்றன. அவை விட்டுச்சென்ற பள்ளங்களெல்லாம் ஏரிகளாயின. ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. மேடுகளில் வெறும் பாறையும் அதன்மேல் விரலளவு மண்ணும் பைன் மரமும். பள்ளங்களில் நீரும் சதுப்பும் ஸ்புரூஸ் மரமும். நூறு யார் தூரத்துக்குள் வழுக்குப் பாறை, கால்புதையும் சேறு, உருளும் கல், குளிர்ந்த ஓடை என நால்வகை நிலமும் ஒருவனைச் சோதிக்கும். கரடுவழி விரும்புவோர் வடக்கே போவதன் காரணம் வேறொன்றுமில்லை.

வழிகள் எவ்வாறு உண்டாயின என்பது இன்னும் சுவையானது. யாரும் விளையாட்டுக்காக அவற்றை வெட்டவில்லை. 1950களில் எலியற் லேக்கிலே யுரேனியம் தோண்டத் தொடங்கினர். அணுகுண்டுக்கு யுரேனியம் தேடிய காலம் அது. 1955இல் ஊர் நிறுவப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே சனம் பல்லாயிரமாகப் பெருகிற்று. பின்னர் அமெரிக்கா வாங்குவதை நிறுத்தப்போவதாக அறிவிக்க, வந்த வேகத்திலேயே பலர் வெளியேறினர். சுரங்கங்கள் மறுபடி உயிர்பெற்று மறுபடி தளர்ந்து, கடைசிச் சுரங்கமும் 1996இல் மூடப்பட்டது. சுரங்கத்துக்குப் போன தெருவும், துளையிடும் கருவியைக் கொண்டுசென்ற தடமும், மின்கம்பி வரிசைக்குக் கீழே வெட்டிய வெளியும், மரம் ஏற்றிய லொறிகளின் பாதையும் காட்டிலே எஞ்சின. இன்று நாற்சில்லு வண்டிகள் ஓடுவது இவற்றின் மேலேதான். ஒரு தொழில் மாண்ட இடத்தில் ஒரு பொழுதுபோக்கு முளைத்தது என்று சொல்லலாம். இளைப்பாறியவர்களை மலிந்த வீட்டு வாடகை காட்டி அழைத்து அவ்வூர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது தனிக்கதை. அதைப் பிறிதொரு வாரம் சொல்வோம்.

கடினமான வழியை அவர்கள் எவ்வாறு தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்? சுற்றித் திரிந்து கண்டுபிடிப்பதாக எண்ணினால் அது தவறு. நல்ல ஓட்டுநன் வீட்டு மேசையிலேயே பாதி வழியைக் கண்டுவிடுகிறான். முதலாவது வினா, நிலம் யாருடையது என்பது. ஒன்ராறியோவின் பரப்பில் 87 சதவீதம் முடிக்குரிய நிலம், அதாவது அரச நிலம். மாகாணப் பூங்காக்களும் இதில் அடக்கம். அரச நிலமெல்லாம் அவிழ்த்துவிட்ட மேய்ச்சற்றரை என எண்ணிவிடலாகாது. மாகாணப் பூங்காக்களுட் பெரும்பாலானவற்றில் இவ்வண்டிகளுக்கு இடமில்லை. ஏனைய இடங்களுள் எங்கே என்ன செய்யலாம் என்பதைக் காட்டும் படத்தொகுதியொன்றை மாகாண அரசு யாவரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. அதைப் பாராமற் புறப்படுகிறவன் பிறர் வளவுக்குள் மாடு விட்டவனுக்கு ஒப்பாவான்.

இரண்டாவது, இடவிளக்கப்படம். எம் மாணவர் புவியியற் பரீட்சைக்காகப் படிக்கும் அதே 1:50,000 அளவுத்திட்டத்தில் கனடிய அரசும் படம் வெளியிடுகிறது. இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். இப்பாடம் எதற்கு உதவும் என்று வகுப்பிலே கொட்டாவி விடும் பிள்ளைகளுக்கு இதோ ஒரு பயன்: சமவுயரக் கோடுகள் நெருங்கிக்கிடக்கும் இடத்தில் முறிகோட்டுத் தடமொன்று அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லுமாயின் அங்கே செங்குத்தான ஏற்றம் உண்டு. கோடுகளுக்குச் சமாந்தரமாகத் தடம் போகுமாயின் அது பக்கச்சரிவு. ஏற்றத்தினும் பக்கச்சரிவே வண்டியைக் கவிழ்ப்பதில் வல்லது. ஏரியிலிருந்து ஏரிக்குத் தடம் தாண்டும் ஒடுங்கிய கழுத்துகளில் ஓடையோ சேறோ காத்திருக்கும். பழைய தாள்களிலே காட்டிய தடம் பல இன்று பற்றையாகிவிட்டது. அதனால் மேலிருந்து எடுத்த செய்மதிப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்குவர். கரும்பச்சை ஸ்புரூஸ் காட்டின் நடுவே இளம்பச்சைக் கீற்று நீளுமாயின், அது ஒருகால் மரம் ஏற்றிய பாதை. வெட்டிய இடத்தில் முதலில் முளைப்பது பூர்ச்சமும் போப்லருமே. அக்கீற்று மெலிந்து மறையும் இடத்திற்றான் கரடுவழி தொடங்குகிறது என்பதை அனுபவசாலி அறிவான்.

திசைகாட்டியின் ஊசி அங்கே மெய்வடக்கைக் காட்டாது, மேற்கே பல பாகை விலகி நிற்கும். படத்தின் ஓரத்தில் அவ்விலகல் குறிக்கப்பட்டிருக்கும். செய்மதி வழி காட்டும் கருவி கையிலிருக்க இது எதற்கு என்பாருண்டு. மின்கலம் குளிரிற் சோர்ந்துவிடும். தாளுக்கு அந்நோயில்லை.

படத்தைக் கொண்டே ஏமாறுவோரும் உளர். வடநாட்டில் மாரிகாலத்துக்கென்று தனியே ஒரு தடப்படம் உண்டு. பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளுக்காக வெளியிடப்படுவது அது. பார்த்தால் ஊரூராகப் பின்னிய வலை. எத்துணை அழகான வழி என்று கோடைகாலத்தில் அதை நம்பிப் போனவன், காட்டைக் கடந்ததும் ஏரிக்கரையில் நின்று விழிப்பான். கோடு நேரே ஏரியின் நடுவால் அக்கரைக்குப் போகிறது. பெப்ரவரியில் அங்கே தடித்த பனிக்கட்டி. யூலையில் அது ஆழ்நீர். சதுப்புகளும் அவ்வாறே. மாரியிலே கல்லாய் உறைந்து லொறியையும் தாங்கும் சதுப்பு, கோடையில் பஞ்சுப்பாசி மிதக்கும் அடியற்ற சேறாகிவிடும். மேலும், அத்தடங்கள் பல தனியார் காணி வழியாக மாரிக்கு மட்டும் என்று பேசி வாங்கிய அனுமதியின் பேரில் ஓடுகின்றன. கோடையில் நுழைபவன் அத்துமீறுபவனே.

காணி எல்லை பற்றி ஒன்றை விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் அத்துமீறல் சட்டத்தின்படி மரத்திலோ கம்பத்திலோ சிவப்பு நிறம் பூசியிருந்தால் உள்ளே வரலாகாது என்பது பொருள். மஞ்சள் பூசியிருந்தால், அனுமதித்த சில காரியங்களுக்கன்றி வரலாகாது. பத்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டமொன்று அடங்குமளவாவது அப்பூச்சு இருத்தல் வேண்டும் என்றும் சட்டம் அளந்து வைத்திருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் அறிந்துகொள்ளக்கூடிய அறிவிப்பு இது. எமக்கு மிகப் பிடித்த சட்டவாசகங்களுள் ஒன்றென இதைச் சொல்வோம்.

எலியற் லேக்கைச் சூழ்ந்த நிலம் 1850ஆம் ஆண்டின் றொபின்சன்-ஹியூறன் உடன்படிக்கைக்கு உட்பட்டது. அதில் முடியோடு ஒப்பமிட்டவர்கள் அனிசினாபே மக்கள். அந்நாட்டின் பூர்வ குடிகள். அவர்களுக்கென வகுத்த காணிகள் பொது நிலமல்ல. அங்கே செல்ல அவர்களிடம் அனுமதி பெறுதல் முறை. சுரங்கம் தோண்டிய காலத்தில் சேர்ப்பென்ற் ஆற்றுநீர் கெட்டு, ஆற்றுமுகத்தில் வாழ்ந்த அம்மக்கள் பட்ட துன்பம் பெரிது. யுரேனியம் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய கழிமண் பல கோடி தொன், நீராலும் மண்ணாலும் மூடி இன்றும் காவல் செய்யப்படுகிறது. வெட்டவெளியாகவும் மட்டமாகவும் கிடக்கும் அவ்விடங்களைக் கண்டால் வண்டியோட்டும் வாலிபனுக்குக் கை துறுதுறுக்கும். அறிவித்தற் பலகை தாண்டி அங்கே சில்லுப் பதித்தல் வெறுங் குறும்பல்ல. மூடிவைத்ததைக் கிண்டும் செயல்.

இவற்றையெல்லாம் நுனித்துப் பார்த்து வழியொன்றைத் தெரிந்தபின் கடைசி வேலை ஒன்றுண்டு. அவ்வூர்ச் சங்கத்தாரை விசாரித்தல். வடக்கே ஊருக்கு ஊர் வண்டியோட்டுவோர் சங்கங்கள் உள்ளன. ஆண்டுச் சந்தா வாங்கித் தடத்துக்கு அனுமதிச்சீட்டு வழங்கி, அப்பணத்திற் பாலம் போட்டு, விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவது அவர்கள் தொண்டு. எந்த மதகை நீர்நாய் அடைத்தது, எந்தப் பாலத்தை மரக்கம்பனி கழற்றிச் சென்றது, எந்தக் காணிக்காரர் சென்ற வருடம் கோபித்துக்கொண்டு வழியை மூடினார் என்பன படத்தில் இரா. அவர்கள் வாயிலேதான் இருக்கும். காணிக்காரர் கோபிப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் ஒன்றே. தடத்திலே சேறு கண்டதும் அதைத் தவிர்க்கப் பக்கத்தால் விலகி ஓட்டுகிறார்கள். அடுத்தவன் அதற்கும் அப்பால் விலகுகிறான். பத்துப் பேர் போனதும் ஆறடித் தடம் அறுபதடிச் சேற்றுவெளியாகிறது. சதுப்பிலுள்ள பாசி மக்காமல் ஓரடி உயர நூற்றாண்டுகள் வேண்டும். பாறையிற் படர்ந்த வெண்ணிறக் கற்பாசி ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் மாத்திரமே வளரும். சுழலும் சில்லுக்கு அரை நிமிடம் போதும். முன்னர் ரயரின் பற்களைப் பற்றிச் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஓடைகளில் இறங்கி விளையாடுவதும் இத்தகையதே. மீன் முட்டையிடும் சரளைப் படுக்கையைக் குலைப்பது கனடாவின் மீன்வளச் சட்டப்படி குற்றமாகும்.

அப்படியாயின் கடினமான வழி என்பது என்ன? சேற்றை வாரி இறைப்பது கடினமன்று, எவனும் செய்வான். படிப்படியான பாறையில் நான்கு சில்லுள் எது எந்தக் கல்லின்மேல் ஏறும் என முன்கூட்டியே கணித்து, நடைவேகத்தில், சில்லு ஒரு முறைகூட வழுக்காமல் ஏறி முடிப்பதையே கைதேர்ந்தவர் கடினம் என்கின்றனர். ஏற்றம் காணுமுன் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்து மேலே சென்று அப்பாலுள்ளதைப் பார்த்து வருவர். ஏறும்போது உடலை முன்னே சாய்ப்பர். இறங்கும்போது இருக்கையிற் பின்னே நகர்ந்து, தாழ்ந்த கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்திழுக்க விடுவர். பக்கச்சரிவில் மேட்டுப் பக்கம் சாய்வர். பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் மேட்டுப் பக்கமாக இறங்கி விலக வேண்டும், பள்ளப் பக்கமாக ஒருபோதும் இறங்கலாகாது. நீரைக் கடக்குமுன் தடியாலளந்து பார்ப்பர். சிக்கிக்கொண்டால் முன்புறத்துள்ள கம்பிச் சுருளை மரத்திற் கட்டி இழுப்பதுண்டு. அப்போது அகன்ற பட்டி சுற்றாமல் வெறுங் கம்பியைக் கட்டினால் பட்டை வெட்டுண்டு மரம் பட்டுவிடும்.

வயது பற்றிப் பேசவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். ஒன்ராறியோச் சட்டம், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை சொந்தக் காணியிலன்றி வேறிடத்தில் ஓட்டுவதானால் வளர்ந்தவர் ஒருவர் அருகிருந்து கண்காணிக்க வேண்டும் என்கிறது. பொதுத் தெருவோரம் ஓட்டுவதற்குப் பதினாறு வயதும் சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். ஆகவே பதினான்கு வயதுப் பையன் காட்டுத் தடத்தில் ஓட்டுவது அங்கே சட்டவிரோதமன்று. ஆயின் கனடாவின் குழந்தை வைத்தியர் சங்கம், பதினாறு வயதுக்கு உட்பட்டோர் இவ்வண்டியைச் செலுத்தவே கூடாது என்கிறது. சட்டத்துக்கும் வைத்தியருக்கும் நடுவே நிற்கும் பெற்றார் யாரைக் கேட்பது? தயக்கமின்றிச் சொல்கிறோம்: வைத்தியரை. அமெரிக்கக் கணக்குகளின்படி இவ்வண்டிகளாற் காயமுறுவோருள் ஏறத்தாழ நாலிலொருவர் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள். காரணம் எளிது. முந்நூறு கிலோ இயந்திரத்தைச் சரிவிலே நிமிர்த்தி வைத்திருப்பது ஓட்டுபவனின் சொந்த நிறையே. ஐம்பது கிலோப் பையன் எவ்வளவு சாய்ந்தாலும் அவ்வியந்திரத்துக்கு அது பொருட்டன்று. அவன் துணிச்சலுக்கோ அறிவுக்கோ இதில் இழுக்கில்லை, தராசு அப்படி.

எனவே அம்மையாரின் மூன்றாவது வினாவுக்கு எமது விடை: கரடியையும் காட்டையும் நினைத்துத் தாங்கள் அஞ்ச வேண்டாம். அந்தப் படத்திலுள்ள வண்டி தந்தைக்குரிய பெரிய வண்டியா, சிறுவருக்கென அளவும் வேகமும் குறைத்துச் செய்த சிறிய வண்டியா என்று மகளிடம் கேட்டறியுங்கள். படம் எடுப்பதற்காக ஏறியிருந்தானா, ஓட்டினானா என்பதையும் கேளுங்கள். ஒருவர்க்கென்று செய்த இருக்கையில் தம்பியையோ தங்கையையோ பின்னே ஏற்றினானா என்பதை மறவாமற் கேளுங்கள். பின்னே ஒருவர் அமர்ந்தால் முன்சில்லு மேற்கிளம்பிப் பின்னே கவிழும். தலைக்கவசம் அணிந்திருந்தான் என்று எழுதியிருந்தீர்கள். அது சட்டமுமாகும், அக்குடும்பத்தின் கவனத்துக்குச் சான்றுமாகும். பேரன் கோபித்துக்கொள்வானே என்று தாங்கள் தயங்கக்கூடும். இரண்டு வருடம் வழிப்படம் பார்ப்பவனாகத் தந்தையோடு பக்கத்து ஆசனத்தில், கூடு போட்ட வண்டியில், பட்டி கட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். சமவுயரக் கோடு வாசிக்கத் தெரிந்தவனுக்கு அக்கூட்டத்தில் மதிப்பு அதிகம்.

கொண்டுசெல்ல வேண்டியவை பற்றி நீட்டி எழுதவில்லை. பெற்றோலை மூன்றாகப் பங்கிட்டு, ஒரு பங்கிற் போய், ஒரு பங்கில் வந்து, ஒரு பங்கை ஆபத்துக்கு வைப்பது பழக்கம். தனியே ஒரு வண்டியாகப் போகார். கைத்தொலைபேசி அக்காட்டில் ஊமை. ஆதலாற் செய்மதி வழியே செய்தியனுப்பும் சிறு கருவியொன்றை உடையில் மாட்டிக்கொள்வர். வண்டியில் மாட்டினால் வண்டி பள்ளத்தில், கருவியும் பள்ளத்தில். எவ்வழி போகிறோம், எந்நேரம் திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று வீட்டிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டே புறப்படுவர். நனைந்த உடையுடன் இரவு தங்க நேர்ந்தால் செப்ரெம்பர் மாதக் குளிரே ஆளை விறைக்கச் செய்துவிடும். மாற்றுக் கம்பளி உடையும் தீப்பெட்டியும் நீர்புகாப் பையில் இருக்கும்.

தீப்பெட்டி என்றதும் இன்னொன்று. ஒன்ராறியோவிற் காட்டுத்தீக் காலம் ஏப்ரில் முதல் ஒக்ரோபர் முடிவு வரை எனச் சட்டம் வகுத்திருக்கிறது. வரட்சி மிக்க நாட்களில் மாகாண அரசு சில பிரதேசங்களில் வெளியிலே தீ மூட்டுவதையே தடை செய்யும். வண்டியின் புகைக்குழாயைச் சுற்றிக் காய்ந்த புல்லும் சருகும் சிக்கிக்கொண்டு சூட்டிற் பற்றிக்கொள்வதும் உண்டு. ஆதலின் நிறுத்துமிடந்தோறும் குனிந்து பார்த்துச் சருகை உருவியெடுப்பது நல்லோட்டுநனின் வழக்கம். புல் நடுவே நிறுத்தாமற் பாறைமேல் நிறுத்துவான்.

காலமும் அறிந்து போக வேண்டும். மே, யூன் மாதங்களிற் கரிய சிற்றீ கூட்டங்கூட்டமாகக் கடித்து இரத்தம் வழியச் செய்யும். அதைத் தொடர்ந்து நுளம்பு. செப்ரெம்பர் பிற்பகுதியில் பூர்ச்சமும் மேப்பிளும் பொன்னும் செம்மையுமாக மாற, பூச்சி ஓய்ந்து, நிலமும் இறுகிவிடும். வண்டியோட்டிகள் யாவரும் விரும்பும் பருவம் அது. அப்பருவத்திலேயே மூஸ் என்னும் பெருமான் துணை தேடி மதங்கொண்டு திரியும். குதிரையினும் உயர்ந்த அவ்விலங்கு தடத்தின் நடுவே நின்றால் எஞ்சினை அணைத்து எட்ட நின்று காத்திருப்பதே வழி. ஒலியெழுப்பித் துரத்த முயன்று நசுங்கினோர் உண்டு. வேட்டைக்காரர் காட்டில் இறங்குவதும் அப்போதுதான். மான் என மயங்கிச் சுடாதிருக்கும்பொருட்டு வண்டியோட்டிகளும் செம்மஞ்சள் மேலாடை அணிகின்றனர்.

நவம்பரில் முதற்பனி தடத்தை மூடியதும் நாற்சில்லு வண்டிகள் கொட்டிலுக்குத் திரும்பும். மாரித்தடங்களைச் சமன்செய்து பேணுகிறவர்கள் இவற்றின் ரயரை அங்கே அனுமதிப்பது அரிது. வசந்தத்திலும் உடனே திறப்பதில்லை. உருகிய பனிநீரில் ஊறிய மண் காயும்வரை சங்கங்கள் தடத்தின் வாயிலிற் சங்கிலி போட்டு வைத்திருக்கும். அது பெரும்பாலும் மே மாதம் வரை நீளும்.